வளையலைக் கழற்றி வைத்த நாள்

கண் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். தோட்டத்துப் பள்ளியில் மூன்று வருடம் படித்தவள் நான். எழுதுவதும் மெதுவாகத்தான் வரும், பேசுவதும் மெதுவாகத்தான் வரும். அவசரம் என்றால் இதை மடித்து வைத்துவிட்டு, பசியாறிவிட்டு வந்து படியுங்கள்.

மலேசியாவில், கெடா மாநிலத்து ஒரு பட்டணத்து ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடம் கண் கிளினிக் அட்டெண்டனாக இருந்தேன். டாக்டர் கண்ணைப் பார்ப்பார். பிள்ளையைப் பார்ப்பது என் வேலை. மூன்று வயதுப் பிள்ளைக்கு இருட்டறை பிடிக்காது. முகத்துக்கு நேரே வருகிற வெளிச்சம் பிடிக்கவே பிடிக்காது. கையைக் காலைப் பிடித்து அமுக்கினால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளும். மூடின கண்ணில் எந்த டாக்டரும் எதையும் பார்க்க முடியாது. அதனால் பிள்ளையின் கவனத்தை வேறு பக்கம் இழுத்து வைத்திருக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெரிய டாக்டர்களே பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, மக்சிக் எங்கே, மக்சிக்கைக் கூப்பிடு என்று எனக்காகக் காத்திருப்பார்கள். மலாயில் மக்சிக் என்றால் அத்தை.

இப்போது உங்களுக்குக் கைப்பேசி இருக்கிறது. பிள்ளை சிணுங்கினால் பெற்றவர்களே கார்ட்டூனைப் போட்டு மூக்குக்கு முன்னால் நீட்டிவிடுகிறார்கள். அழுகை நிற்கும், உண்மைதான். ஆனால் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கிற கண் தன்னை இறுக்கிக்கொள்ளும். அப்போது டாக்டர் விளக்கடித்து அளக்கிற பவர் தப்பாக வரும். தூரத்தைப் பார்க்கிற கண்தான் அவருக்கு வேண்டும். அதற்காக நான் ஒரு லோரி வைத்திருந்தேன். பாசார்ச் சந்தையில் வாங்கின பிளாஸ்டிக் லோரி. பின்னால் களிமண்ணை உருட்டி, சிவப்புச் சாயம் பூசி, செம்பனைக் குலைகளாக அடுக்கி ஒட்டியிருந்தேன். அறையின் அந்தக் கோடியில் அலமாரி உச்சியில் அது நிற்கும். எத்தனை குலை இருக்கிறது, அதில் உங்கள் அப்பா வெட்டினது எது என்று கேட்டால் போதும். தோட்டத்துப் பிள்ளை டாக்டரையும் மறந்துவிடும், விளக்கையும் மறந்துவிடும்.

எல்லாப் பிள்ளைக்கும் அது செல்லாது என்பதையும் ஒரு பிள்ளைதான் காட்டினான். தஞ்சோங் டாவாயிலிருந்து வந்த மலாய்ப் பையன். அவன் அப்பா கடலுக்குப் போகிறவர். லோரியைக் காட்டினேன், கொட்டாவி விட்டான். அடுத்த தடவை சிவப்புத் துணியில் ஒரு நண்டு தைத்து அலமாரி மேல் வைத்தேன். வலது கொடுக்கு பெரிதா, இடது கொடுக்கு பெரிதா என்று என்னோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தான். அதற்குள் டாக்டர் இரண்டு கண்ணையும் அளந்து முடித்துவிட்டார். அன்றிலிருந்து பிள்ளை அறைக்குள் வருவதற்கு முன்பே, வீட்டில் எதை வைத்து விளையாடும், அப்பா அம்மா என்ன வேலை என்று வாசலில் கேட்டுவிடுவேன். நீங்களும் கேளுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.

பொய்யும் சொல்லாதீர்கள். பாலிங்கிலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளையிடம் சொட்டு மருந்து எரியாது என்று சொன்னேன். எரிந்தது. மறுதடவை என்னைத் தூரத்தில் கண்டதுமே வாசல் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேர் சேர்ந்து விரலைப் பிரித்தோம். அதற்குப் பிறகு, சுருக்கென்று இருக்கும், பத்து எண்ணுவதற்குள் போய்விடும், வா சேர்ந்து எண்ணலாம் என்றுதான் சொல்வேன்.

இதெல்லாம் சின்னத் தப்பு. இனிச் சொல்லப் போவது பெரிய தப்பு. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அந்தக் காலத்தில் என் வலது கையில் ஒரு டஜன் கண்ணாடி வளையல் போட்டிருப்பேன். கிளினிக்கில் வளையல் போடக் கூடாது என்று மிஸ்ஸி ஏசுவார். சீனத்தி, நேர்மையானவர், எங்கள் பகுதிக்குத் தலைமைத் தாதி. ஆனால் அந்த வளையலை நான் ஒரு குலுக்குக் குலுக்கினால் எப்பேர்ப்பட்ட அழுகையும் நின்றுவிடும் என்பது அவருக்கும் தெரியும். அதனால் ஏசிவிட்டுப் பேசாமல் போய்விடுவார். என் கையில் வந்த பிள்ளை அழாது என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பெயர். நானும் அந்தப் பெயரைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருந்தேன்.

ஒரு காலையில் பாடாங் மேஹா பக்கத்திலிருந்து கோமதி என்கிற பெண் தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளை பெயர் தர்ஷினி. மூன்று வயது ஆக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அப்பா செம்பனை வெட்டுகிறவர்; கோமதி கூலிமில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. ஒரு கல்யாணத்தில் எடுத்த போட்டோவில் பிள்ளையின் வலது கண் மட்டும் கொஞ்சம் உள்பக்கமாகத் திரும்பியிருந்ததாம். தோட்டத்து ஆட்கள், அது அதிர்ஷ்டக் கண், விட்டுவிடு என்றார்களாம். கோமதி விடவில்லை. லீவு கிடைக்காமல் நான்கு மாதம் தள்ளிப் போட்டு, அன்றைக்குக் காலையில் அரை நாள் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். அக்கம் பக்கத்து ஆட்களோடு சேர்ந்து பிடித்த வேன் வெளியில் நின்றது. மதியம் அவளுக்கு வேலை.

டாக்டர் புதியவர். மலாய்க்காரப் பெண், வந்து மூன்று வாரம் இருக்கும். நல்லவர், ஆனால் வெளியில் நாற்காலி போதாமல் ஆட்கள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்கள். அவருடைய கண் அடிக்கடி கதவுப் பக்கம் போனது.

இந்தச் சோதனை உங்களுக்குத் தெரிந்ததுதான். சின்னப் பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது. ஒரு கண்ணைக் கையால் மூடிவிட்டு, மற்றக் கண் பொம்மையைப் பின்தொடர்கிறதா என்று பார்ப்பார்கள். டாக்டர் முதலில் வலது கண்ணை மூடினார். தர்ஷினி அமைதியாக உட்கார்ந்து என் கையிலிருந்த பொம்மையைப் பார்த்தாள். பிறகு இடது கண்ணை மூடினார். பிள்ளை சிணுங்கினாள். தலையை ஆட்டினாள். டாக்டரின் கையைப் பிடித்து விலக்கப் பார்த்தாள். உதடு கோணி, அழுகை வருகிற நேரம்.

நான் விடுவேனா. என் பெயர் என்ன ஆவது? வளையலைக் குலுக்கினேன். இந்தப் பக்கம் ஒரு குலுக்கு, அந்தப் பக்கம் ஒரு குலுக்கு. பிள்ளை சிரித்துவிட்டாள். வளையல் போன பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பினாள். பார்க்கிறாள், இரண்டு கண்ணும் சரிதான் என்று டாக்டர் எழுதினார். திரும்பல் கொஞ்சம்தான் இருக்கிறது, பிள்ளை கொஞ்சம் வளரட்டும், அடுத்த வருடம் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கலாம் என்றார். நான் மலாயில் கேட்டுத் தமிழில் சொன்னேன். கோமதி முகத்தில் உயிர் வந்தது. போகும்போது என் கையைப் பிடித்து, நீங்கள் நல்லா இருக்கணும் அக்கா என்றாள்.

அடுத்து நான்கு பேர் போனார்கள். பிறகு, சொட்டு மருந்துத் தட்டுகளைக் கழுவி வைக்கச் சொன்னார் மிஸ்ஸி. சோப்பு நுரை மாட்டும் என்று வளையலைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்தேன். கழுவி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே நடைபாதைக்கு வந்தால், அடுத்த வருடத்துச் சீட்டுக்காகக் கோமதி வரிசையில் நிற்கிறாள். பிள்ளை தோளில் சாய்ந்திருந்தாள். முகத்தின் இடது பாதி அம்மா தோளில் புதைந்திருந்தது. வலது கண் மட்டும் வெளியே, நன்றாகத் திறந்து, என் பக்கமாக இருந்தது.

நான் சிரித்தேன். கையை ஆட்டினேன். பிள்ளை சும்மா இருந்தாள். இன்னும் கிட்டே போனேன். ஒரு முழம்கூட இருக்காது. விரலை மடக்கிக் குருவி மாதிரி செய்து காட்டினேன். அந்தக் கண் என் மேலேயே இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. இமைகூட அசையவில்லை. தூக்கமோ என்று நினைத்து, "தர்ஷினி" என்று மெதுவாகக் கூப்பிட்டேன். உடனே தலையைத் தூக்கி, இடது கண்ணால் என்னைக் கண்டுபிடித்துச் சிரித்தாள்.

நான் செய்ததெல்லாம் ஒவ்வொன்றாக என் முன்னால் வந்து நின்றது. அவள் வளையலைப் பார்க்கவே இல்லை. கேட்டாள். கேட்டுத் திரும்பினாள். அதற்கு முன்னால் சிணுங்கினாளே, அது பயமும் இல்லை, அடமும் இல்லை. பார்க்கிற கண்ணை மூடிவிட்டால் இருட்டாகிறது என்று தனக்குத் தெரிந்த மொழியில் சொன்னாள். பிள்ளை சொன்ன ஒரே பதில் அதுதான். அதை டாக்டர் கேட்பதற்குள் நான் அவள் வாயை அடைத்துவிட்டேன்.

மிஸ்ஸியிடம் போய்ச் சொன்னேன். டாக்டர் எழுதி முடித்துவிட்டார், வெளியில் இன்னும் முப்பது பேர் இருக்கிறார்கள், அடுத்த வருடம் எப்படியும் பார்ப்பார்கள் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் கூட்டுகிறவள், தூக்குகிறவள். டாக்டர் எழுதினது தப்பு என்று சொல்ல நான் யார்? அதைவிட, அந்தத் தப்பு என்னுடையது என்று எப்படிச் சொல்வது? உண்மையைச் சொல்கிறேன்: பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நின்றேன். ஆனால் அத்தனை வருடத்தில் டாக்டர்கள் பேசியதைக் காதில் வாங்கியிருக்கிறேன். சின்ன வயதில் வேலை செய்யாத கண்ணை மூளை ஒதுக்கிவிடும். ஒதுக்கின பிறகு கண்ணாடி போட்டாலும் திரும்ப வருவது கஷ்டம். ஒரு வருடம் என்பது அந்தப் பிள்ளைக்குச் சின்ன விஷயம் இல்லை.

கோமதி சீட்டை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். ஓடினேன். வேன்காரர் எஞ்சினைப் போட்டுவிட்டு, ஏறுங்க, வெயில் ஏறுதுலா என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நான் வேன் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"தங்கச்சி, எறங்கு. டாக்டர் இன்னொருக்கா பாக்கணும்."

"எதுக்குக்கா? ரெண்டு கண்ணும் சரின்னு நீங்கதானே சொன்னீங்க. எனக்கு ரெண்டு மணிக்கு வேலை. இன்னிக்குப் போகலன்னா சூப்பர்வைசர் விடமாட்டான்."

வேனுக்குள்ளிருந்து ஒரு பெரியம்மா, காலையில் ஒன்று சொல்வார்கள், மதியம் ஒன்று சொல்வார்கள், நீ ஏறு கோமதி என்றார். கோமதி என்னையே பார்த்தாள்.

"எந்திரம் கெட்டுப் போச்சா? வேற பிள்ளை சீட்டு மாறிப்போச்சா? என்னன்னு சொல்லுங்கக்கா."

எந்திரம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த வழியை அவளே திறந்துவிட்டாள்.

"எந்திரம் இல்ல. சரின்னு சொன்னது டாக்டர். சொல்ல வச்சது நான். என் வளையல் சத்தத்தைக் கேட்டுத்தான் பிள்ளை திரும்புனா. அந்தக் கண்ணு பாக்குதான்னு எனக்கு இப்ப சந்தேகமா இருக்கு."

அவள் ஏசியிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும். பையை எடுத்துக்கொண்டு, பிள்ளையோடு இறங்கினாள். வேன் போய்விட்டது.

டாக்டர் அறையிலிருந்து ஒருவர் வெளியே வந்து அடுத்தவர் உள்ளே போகிற இடைவெளியில் நுழைந்தேன். மலாயில் சொன்னேன். டாக்டர், அந்தப் பிள்ளை பார்க்கவில்லை, கேட்டது, என் கைதான் காரணம் என்றேன். அவர் முகம் சிவந்தது. பேனாவை மேசையில் வைத்தார். என் வெறும் கையைப் பார்த்தார். பிறகு, கூட்டி வாருங்கள் என்றார்.

இந்தத் தடவை அறையில் ஒரு சத்தம் இல்லை. விசிறியைக்கூட நிறுத்தச் சொன்னார். சத்தம் போடாத ஒரு சின்னச் சிவப்புப் பந்தைப் பிடித்துக்கொண்டு நான் எதிரில் உட்கார்ந்தேன். வலது கண்ணை மூடினார். பிள்ளை பந்தைப் பார்த்தாள், பந்து போன பக்கம் போனாள். இடது கண்ணை மூடினார். தலையை ஆட்டினாள், கையைத் தள்ளினாள், அழுதாள்.

என் நாக்கு தானாக மேல் அண்ணத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது, ஒரு சொடக்குப் போட. உதட்டைக் கடித்துக்கொண்டேன். என் முன்னால் ஒரு பிள்ளை அழ, நான் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை. டாக்டர் கையை எடுத்தார்; அழுகை நின்றது. மறுபடி வலது கண்ணை மூடினார். பிள்ளை சும்மா இருந்தாள். மறுபடி இடது கண்ணை மூடினார், அழுதாள். சுவரோரம் நின்ற கோமதி வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்த சொட்டு மருந்தை அன்றைக்கே விட்டார்கள். பிள்ளையும் நானும் சேர்ந்து பத்து எண்ணினோம். கண்மணி விரிந்ததும் லோரியை அலமாரி மேல் வைத்து, அப்பா வெட்டின குலை எது என்று கேட்டேன். அப்போது நான் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், ஏனென்றால் அப்போது டாக்டருக்குத் தேவை அசையாத கண் மட்டும்தான். இந்த வித்தியாசத்தை மறக்காதீர்கள். பிள்ளை எதைப் பார்க்கிறது என்று சோதிக்கும்போது உங்கள் வாயும் கையும் ஊமையாக இருக்க வேண்டும். பிள்ளையின் கண்ணுக்குள் டாக்டர் பார்க்கும்போது நீங்கள் கூத்தே ஆடலாம்.

வலது கண்ணுக்கு மிகப் பெரிய பவர் இருந்தது. பெரிய டாக்டர் வந்து உள்ளே பார்த்துவிட்டு, நரம்பு நன்றாக இருக்கிறது, நேரத்தில் வந்துவிட்டார்கள் என்றார். கண்ணாடி போட வேண்டும். நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் பிளாஸ்தர் ஒட்டி மூடி, சோம்பேறிக் கண்ணை வேலை வாங்க வேண்டும்.

எல்லோரும் போன பிறகு அந்தச் சின்ன டாக்டர் என்னைக் கூப்பிட்டார். கடிதம் கொடுப்பார், வேலை போகும் என்றுதான் நினைத்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "மக்சிக், இனிமேல் பிள்ளை அழுதால் முதலில் என்னிடம் சொல்லுங்கள். ஏன் அழுகிறது என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். பிறகு நிறுத்துங்கள்." என் மகள் வயதுதான் இருக்கும் அவருக்கு. நான் தலையாட்டினேன். வளையலைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டேன். கோயிலுக்குப் போகும்போது மட்டும் போட்டுக்கொண்டேன்.

கோமதிக்கு அன்றைக்கு வேலை போகவில்லை. அரை நாள் சம்பளம் போயிற்று, ஏச்சும் வாங்கினாள், அவ்வளவுதான். அவளுக்குக் கஷ்டம் வீட்டில்தான் காத்திருந்தது. நல்ல கண்ணை மூடினால் எந்தப் பிள்ளைதான் சும்மா இருக்கும்? ஒட்டின ஐந்தாவது நிமிடத்தில் பிய்த்து எறிந்துவிடுகிறாள் என்று இரண்டாவது தடவை வந்தபோது அழுதாள். கட்டிலில் கையைக் கட்டி வைக்கலாமா என்றுகூட யாரோ சொன்னார்களாம். கட்டாதே, அப்பாவுக்கும் ஒன்று ஒட்டு என்றேன்.

அந்த மனுஷன் ஒட்டிக்கொண்டார். சாயங்காலம் வேலை முடிந்து குளித்ததும் அப்பாவுக்கு மகள் ஒட்டுவாள், மகளுக்கு அப்பா ஒட்டுவார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பாசி கோப்பதும், பச்சைப் பயற்றில் கல் பொறுக்குவதும். ஒரு நாள் அதை எடுக்க மறந்து கடைக்குப் போய்விட்டாராம். அங்கே இருந்தவர்கள், "என்னண்ணே, ஒரு கண்ணு போதும்னு விட்டுட்டீங்களா? மத்தக் கண்ண அண்ணி குத்திட்டாங்களா?" என்று கேட்டார்களாம். அவர் எடுக்காமலே சாமான் வாங்கிக்கொண்டு வந்தாராம். கோமதி இதைச் சொல்லும்போது சிரித்தாள். எனக்குத் தெரிந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

ஆனால் கண் தேறுகிறதா என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. மூன்று மாதம் போனது, ஆறு மாதம் போனது. கொஞ்சம் பரவாயில்லை என்று எழுதினார்கள். கோமதி ஒவ்வொரு தடவையும் என் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள். நான் எதையும் காட்ட மாட்டேன். இல்லாததைச் சொல்லி ஒரு தடவை அவளை அனுப்பியவள் நான்.

ஒரு வருடம் கழித்து வந்த நாள். தர்ஷினிக்கு நான்கு வயது நெருங்கிவிட்டது. நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததும் டாக்டர் நல்ல கண்ணின் மேல் பிளாஸ்தரை ஒட்டி, மேலே கண்ணாடியை மாட்டினார். கோமதியும் இந்தத் தடவை அவள் வீட்டுக்காரரும் கதவோரம் நின்றார்கள். வழக்கம்போல நான் வாயைத் திறக்காமல் எதிரில் உட்கார்ந்து, பந்தை மெதுவாக ஒரு பக்கம் கொண்டு போனேன். பிள்ளை பார்க்கவில்லை. இன்னொரு பக்கம் கொண்டு போனேன். பார்க்கவில்லை. அந்த ஒற்றைக் கண் நேராக நின்றது. டாக்டரின் பேனா காத்திருந்தது. கோமதி வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பேசக் கூடாது என்று நான் போட்ட சட்டத்தை நானே மீறி, பந்தைப் பாரும்மா என்று சொல்ல வாயெடுத்தேன்.

பிள்ளை முந்திக்கொண்டாள். தலையை லேசாகச் சாய்த்து, புருவத்தைச் சுருக்கி, நகைக்கடைக்காரர் மாதிரி என் முகத்தை ஆராய்ந்தாள்.

"ஆண்ட்டி, உங்க மூக்குத்தியில ஒரு கல்லக் காணோம்."

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்று கேட்டார். நான் எழுந்து கை கழுவும் இடத்துக்குப் போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். என் கண்ணுக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை, அது ஈரமாக இருந்தது. விரல் நுனியால் தடவி எண்ணினேன். எட்டுக் கல் மூக்குத்தி. ஏழுதான் இருந்தது.